குவைத்தில் அம்மா உழைத்த 11 வருடம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

கொட்டகலை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தம்பி கொரிய மொழிப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டான். போன ஞாயிறு இரவு படிவங்களை மேசையில் பரப்பி நிரப்பிக்கொண்டிருந்தோம். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தம்பி ஒரு தாளை வாசித்துவிட்டு, "வேலை முடிஞ்சு வாறப்போ பென்ஷனுக்கு வெட்டின காசத் திருப்பித் தருவாங்களாம்மா" என்றான். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப எனக்கு?"

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 13 வருடம் கொழுந்து பறித்தவர். 2009 இல் வீட்டு வேலைக்குக் குவைத் போனார், 2020 இல் திரும்பி வந்தார். முதல் வீட்டில் 7 வருடம், இரண்டாவது வீட்டில் 4. தோட்டத்து 13 வருடத்துக்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF) கிடைத்தது. பி கார்டில் (அந்த நிதியின் உறுப்பினர் அட்டையில்) பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததால் 8 மாதம் அலைந்தோம். ஆனாலும் கிடைத்தது. குவைத்தின் 11 வருடத்துக்கு, கடைசி நாளில் வீட்டுக்கார அம்மா 100 தினாரும் ஒரு சூட்கேஸ் நிறைய உடுப்பும் கொடுத்தாராம். அரபியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினாராம். அம்மா இன்றைக்கும் அதை நன்றியோடுதான் சொல்வார்.

கொரியாவுக்குப் போகிறவனுக்கு ஒரு கணக்கு, குவைத்துக்குப் போனவருக்கு வேறு கணக்கு. இரண்டு பேரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, நம் இலங்கை அரசாங்கத்துக்குத் தெரிந்து போகிறவர்கள்தானே? ஏன் இப்படி?

டோஹா இரவுப்பணி:

தங்கச்சி, நான் மஸ்கெலியா. கட்டாரில் 9 வருடமாகக் காவல் வேலை. முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த 100 தினாரை அன்பளிப்பு என்று நினைக்க வேண்டாம்.

குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்றே 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 68ஆம் இலக்கச் சட்டம். ஒப்பந்தம் முடிந்து போகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் லீவு, நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இதெல்லாமும் அதில் உண்டு. அம்மாவின் சம்பளம் எவ்வளவு? 75 தினார் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வீட்டின் 4 வருடத்துக்கு மட்டும் 300 தினார் வர வேண்டும். முதல் வீட்டை விட்டதும் சட்டம் வந்த பிறகுதான், அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த அரபுத் தாளில், "எனக்கு வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கத்தான் அதிக வாய்ப்பு. எங்கள் கேம்பிலும் ஊருக்குப் போகிற ஆட்களிடம் அப்படித்தான் வாங்குவார்கள். நான் இப்போது யார் போனாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போடு என்று சொல்லி அனுப்புகிறேன்.

கொட்டகலை மகள்:

அண்ணா, சம்பளம் 75 தினார்தான். நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இருப்பதை ஏஜென்சியும் சொல்லவில்லை, அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

பண்டாரவளை கொரியா ரிட்டர்ன்:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் 2014 முதல் 2019 வரை அன்சான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்தேன். எனக்கு வந்ததைச் சொல்கிறேன், வித்தியாசம் புரியும்.

சம்பளத்தில் மாதாமாதம் 4.5 சதவீதம் அவர்களுடைய தேசிய ஓய்வூதியத்துக்கு வெட்டினார்கள். முதலாளி அதே அளவு போட்டார். நாட்டை விட்டுப் போகும்போது விண்ணப்பித்தால் இரண்டு பங்கும் வட்டியோடு திரும்பி வரும். அது தவிர, முதலாளி மாதம் 8.3 சதவீதம் ஒரு காப்புறுதியில் போட வேண்டும். வேலை முடிந்து புறப்படுகிறவனுக்கு உரிய காசு அது. நான் கேட்டு, அவர் மனம் வைத்துக் கொடுக்கும் காசு இல்லை. இன்ச்சியோன் விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது கையில் இருந்தது ஒரு தாளும் கடவுச்சீட்டும் மட்டும்தான். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. ஊரில் வீடு கட்டிய கடைசிக் காசு அந்த வரிசையில் நின்று வாங்கியதுதான்.

காரணம் சுலபம். அங்கே நம்மை எடுப்பது ஏஜென்சி இல்லை. 2004 இல் கொரியா இப்படி அரசாங்கம் வழியாக ஆள் எடுக்கும் முறையைத் தொடங்கியபோது முதலில் கையெழுத்திட்ட 6 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அரசாங்கமும் அரசாங்கமும் நேராகப் பேசி ஆள் எடுப்பதால் நடுவில் ஆள் இல்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியும் அவர்களுடைய தொழிற் சட்டத்துக்குள்தான் வருகிறான்.

அதற்காக எல்லாம் நன்று என்று சொல்லவில்லை. முதலாளியை மாற்றுவது கஷ்டம், குளிர் கஷ்டம், விரல் போன ஆட்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தலவாக்கலை நதி:

மன்னிக்கவும், ஒன்று கேட்கிறேன். எல்லோரும் அந்த நாட்டுச் சட்டம், இந்த நாட்டுச் சட்டம் என்கிறீர்கள். நம் பெண்கள் ஏன் போகிறார்கள்? 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே எத்தனை வருடப் போராட்டம். 1,350 ஆனது 2024 இல். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டால் அதுவும் இல்லை. இங்கே கௌரவமாக வாழ முடிந்தால் குவைத்துச் சட்டத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை? அரசாங்கங்கள் மேசை போட்டுப் பேசினாலே எனக்குப் பயம். நம் ஆட்களைப் பற்றி இரண்டு அரசாங்கம் பேசிய ஒவ்வொரு தடவையும் நம் தலையை எண்ணித்தான் பிரித்திருக்கிறார்கள்.

பதுளை ஓய்வு ஆசிரியர்:

நதி, உங்கள் பயம் நியாயமானது. 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நான் சிறு பையன். குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். 7 பேர் போனால் 4 பேருக்கு இங்கே குடியுரிமை என்று விகிதம். பிறகு பார்க்கலாம் என்ற அந்த 1,50,000 பேரை 1974 இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மலையகத்தில் பலருக்கும் இது தெரியாது. அந்த ஒப்பந்தத்திலேயே சேமலாப நிதி பற்றி எழுதியிருக்கிறது. போகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் உடைமையை எடுத்துப்போக அனுமதி. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக்கூடாது. புறப்படும் நாள் வரை, அல்லது 55 வயது வரை, வேலையில் இருக்கலாம். மனிதரை எண்ணிக்கையாகப் பார்த்த அதே தாள், அவர் உழைத்த வருடங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கமும் மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது.

இன்னும் பின்னால் போகிறேன். 1922 இல் இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் வந்தது. அதன்படி இந்திய அரசின் முகவர் ஒருவர் 1923 இல் இங்கே நியமிக்கப்பட்டு, கண்டியில் அலுவலகம் போட்டு, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து வருடா வருடம் அறிக்கை எழுதினார். இரண்டு அரசாங்கமும் பேசியதன் பலன்தான் 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன் கீழ் வந்த கூலி, உயர்ந்த மலைப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். குறைவுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வருவதற்கு 1984 வரை ஆனது. ஆனால் தோட்டத்துத் துரை நினைத்ததுதான் கூலி என்றிருந்த இடத்தில், வெளிநாட்டு அரசு ஒன்று தலையிட்டதால் ஒரு கீழ் எல்லை வந்தது. ஆள் அனுப்புகிற நாட்டுக்கு ஒரு பலம் உண்டு. அனுப்பமாட்டேன் என்று சொல்லலாம். 1939 இல் இந்தியா அப்படித்தான் செய்தது, இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது.

இப்போது அனுப்புகிற நாடு நாம். அந்த பலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

டோஹா இரவுப்பணி:

ஐயா, 100 வருடத்துக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க ஓர் அதிகாரி இருந்தாரா? எங்கள் கேம்புக்கு 9 வருடத்தில் அப்படி யாரும் வரவில்லை.

கோத்தகிரிப் பேரன்:

வணக்கம். நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர், 1971இல் குடும்பத்தோடு வந்தார். இங்கே எங்களை அரசாங்கம் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதும், ஊர்க்காரர்கள் 'சிலோன்காரங்க' என்பார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன ஒப்பந்தம் எங்கள் வீட்டில் பரணில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை, தாத்தாவின் குடும்ப அட்டையை அப்பா இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார். கெட்டியான தாள், மடிப்பில் கிழிந்து துணி ஒட்டியிருக்கிறது.

பாட்டி சொன்ன கதையைச் சொல்கிறேன். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்ததும் பிளாட்பாரமே அழுததாம். அந்த ரயிலுக்கு அங்கே ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் இறங்கி, 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். தாத்தாவுக்கு 27 வருட சர்வீஸ். பணம் வரும் என்று ஷரத்து இருந்தது உண்மை, வந்ததும் உண்மை. ஆனால் வந்தது 3 வருடம் கழித்து. அதுவரை அவர் ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 'உங்கள் பெயர் ஆவணத்தில் வேறாக உள்ளது' என்று ஒரு பதில். அங்கே செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அந்தச் சகோதரி பி கார்டில் ஒரு எழுத்து என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. 50 வருடம் ஆகியும் அதே எழுத்துதானா?

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். இப்படித் திரும்பியவர்களைக் குடியமர்த்த என்றே தமிழ்நாடு அரசு 1968இல் இங்கே தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது, அதுதான் பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தாத்தாவுக்குத் தெரிந்த வேலையே இங்கும் கிடைத்தது. கொழுந்து பறித்த கை கொழுந்தே பறித்தது. வேலையும் குடியிருப்பும் சேர்த்து யோசித்ததால்தான் எங்கள் குடும்பம் நின்றது. சமவெளிக்கு அனுப்பப்பட்டு, வியாபாரக் கடன் கொடுக்கப்பட்டு, வியாபாரமே தெரியாமல் கடனாளி ஆன உறவினர்கள் எங்களுக்கு உண்டு.

தலவாக்கலை நதி:

பேரன், இதை வாசித்துக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாச்சியின் அண்ணனும் அப்படிப் போனவர்தான், கூடலூர்ப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பேசவே வேண்டாம் என்பது சரியில்லை. யாரைக் கேட்டுப் பேசுகிறார்கள் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. ஆனால் சம்பளம் பற்றிச் சொன்னதை விடமாட்டேன்.

பதுளை ஓய்வு ஆசிரியர்:

விட வேண்டாம். இரண்டும் ஒரே கயிறு. இங்கே கூலி குறைவாக இருக்கும்வரை அங்கே பேரம் பேச நம் அரசுக்குக் கை வராது, போட்டி போட்டு ஆள் அனுப்பத்தான் தோன்றும்.

டோஹா இரவுப்பணி:

ஒரு சம்பவம் எழுதுகிறேன். என்னோடு இரவுப் பணியில் ஓமான் நாட்டவர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு நாள் சம்பளத் துண்டைக் காட்டினார். அவருடைய ஓய்வூதியத்துக்கு வெட்டும் காசு கட்டாரில் நிற்பதில்லை, ஓமானில் உள்ள அவருடைய கணக்குக்குப் போகிறது. விசாரித்தால், 2006 இலிருந்து வளைகுடாவின் 6 நாடுகளுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு கட்டாயமாக இருக்கிறதாம். ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொன்றில் வேலை செய்தால், வேலை கொடுப்பவர் அவன் சொந்த நாட்டு நிதிக்குப் பங்கு கட்ட வேண்டும்.

அன்றிரவு முழுக்க அதையே யோசித்தேன். அப்படியானால் செய்ய முடியாதது என்று ஒன்றுமில்லை. ஒரே வாசலில், ஒரே கதிரையில், ஒரே இரவு. அவர் கணக்கு கடல் தாண்டிப் போகிறது, என் கணக்கு போகவில்லை. எனக்குக் கட்டார்ச் சட்டப்படி முடிவில் வருடத்துக்கு 3 வாரச் சம்பளம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும், அதுவும் கம்பெனி கொடுத்தால்தான். 60 வயதில் எனக்குச் சோறு போடுகிற காசு அதுவல்ல. இங்கே வந்த நாளோடு என் சேமலாப நிதியும் நின்றுவிட்டது. ஊரில் இருந்திருந்தால் சம்பளத்தில் நான் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், அது தவிர ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி 3 சதவீதம்.

பிரதேச செயலகத் தோழி:

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயம் பார்க்கிறேன். என் மேசைக்கு வருவதை வைத்துச் சில வார்த்தை. இது என் சொந்தக் கருத்து.

நாம் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் போகிற பக்கம்தான் விரிவாக இருக்கும். யார் ஆள் எடுப்பது, யார் டிக்கெட் போடுவது, வைத்தியப் பரிசோதனை, ஒப்பந்தப் பிரதி. திரும்பி வருகிற பக்கம் மெலிந்து போயிருக்கும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இன் சட்டத்தால் வந்தது. அதன் பெயரிலேயே வேலை இருக்கிறது, முதுமை இல்லை. புலம்பெயர் தொழிலாளருக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இலங்கை 1996 இலேயே சேர்ந்துவிட்டது. சமூகப் பாதுகாப்புக்கு அதில் ஒரு தனி உறுப்புரையே உண்டு, 27ஆவது. ஆனால் நம் ஆட்கள் போகிற வளைகுடா நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. ஒரு கையால் தட்டுகிற ஓசைதான்.

2003 இல் ஆள் அனுப்பும் ஆசிய நாடுகள் கொழும்பில் கூடித் தொடங்கியதுதான் கொழும்புச் செயல்முறை. 2008 இல் அபுதாபியில், எடுக்கும் நாடுகளையும் சேர்த்து இன்னொரு மேடை. இரண்டும் கலந்து பேசுகிற இடங்கள், யாரையும் கட்டுப்படுத்தாது. அதனால் அவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அனுப்புகிற நாடுகள் ஒன்றாக நின்றால்தான் ஒரு நாடு உரிமை கேட்டால் அதை விட்டுவிட்டு இன்னொரு நாட்டிடம் போய் ஆள் எடுக்க முடியாமல் போகும்.

அடுத்த நாடு ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிலிப்பைன்ஸ் 2019 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வெளிநாடு போகும் தொழிலாளரை தன் சொந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிதியில் கட்டாயமாகச் சேர்த்தது. முதலாளி பங்கு கட்டும்படி மற்ற நாடுகளோடு பேசுகிற வேலை ஒரு பக்கம், ஊரில் கணக்கு அறுந்துபோகாமல் பார்க்கிற வேலை இன்னொரு பக்கம். நம் ஊர்ப் பெண் ஒருத்தி குவைத் போகும்போது அவளுடைய சேமலாப நிதி இலக்கம் தூங்கிவிடக் கூடாது. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

கொட்டகலை மகளுக்கு: அம்மாவின் பழைய கடவுச்சீட்டுகள், பணியகப் பதிவு, ஒப்பந்தப் பிரதி, காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் முறைப்பாடாக எழுதிக் கொடுங்கள், தூதரகத்தின் தொழிலாளர் பிரிவுக்கு அனுப்பலாம். வருடங்கள் ஓடிவிட்டன, கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் எழுத்தில் இல்லாத முறைப்பாடு அடுத்த ஒப்பந்த மேசைக்குப் போகாது.

பண்டாரவளை கொரியா ரிட்டர்ன்:

தம்பிக்கும் ஒரு வார்த்தை. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். கொரியக் காசு என் நண்பன் ஒருவனுக்கு 5 மாதம் தாமதமானது அதனால்தான்.

பதுளை ஓய்வு ஆசிரியர்:

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் 5 வருடம் ஒரு நாட்டிலும் 10 வருடம் இன்னொரு நாட்டிலும் வேலை செய்தால், ஓய்வூதியத் தகுதிக்கு இரண்டையும் கூட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் வருடங்களுக்கு உரிய பங்கைக் கொடுக்கிறது. எந்த நாட்டில் உழைத்தாலும் வருடம் வருடம்தான் என்ற எளிய எண்ணம். கொட்டகலை அம்மாவின் 13ஐயும் 11ஐயும் கூட்டினால் 24. அந்தக் கூட்டலைச் செய்ய இரண்டு அரசாங்கம் தேவைப்படுகிறது.

கொட்டகலை மகள்:

எல்லோருக்கும் நன்றி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று இரவு அம்மா அலுமாரிக்கு மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். 2 பழைய கடவுச்சீட்டு, முதல் தடவை போனபோது எடுத்த பணியகப் பதிவுத் துண்டு, நீல ரப்பர் பட்டி போட்ட காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள். எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கச் சொன்னார். 2013 இல் 4 மாதம் பற்றுச்சீட்டு இல்லை. "அப்ப வீட்டுக்காரவுங்க சம்பளம் குடுக்கல" என்றார். இத்தனை வருடத்தில் அதை எங்களிடம் சொன்னதே இல்லை. தம்பி அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மாதங்களின் பெயரை எழுதினான்.

தம்பியின் பிறப்புச் சான்றிதழிலும் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. திங்கட்கிழமை அம்மாவின் முறைப்பாடும் தம்பியின் பெயர்த் திருத்தமும் சேர்த்துக் கொண்டு போகிறோம். கோத்தகிரி அண்ணா, உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தின் பெயரை எழுதுங்கள். அப்பாவின் பெரியப்பாவும் 1971 இல்தான் போனாராம், அம்மா கேட்கச் சொல்கிறார்.